மதிப்பெண் யார் கையில்? வகுப்பின் இரு பக்கமும் இருந்து பார்த்ததில்

ஆசிரியர் அறையில் உட்கார்ந்தால் காதில் விழுவது இது: "இந்தப் பிள்ளைங்க கேள்வியைக்கூட ஒழுங்காப் படிக்கிறதில்லை." வெளியே தாழ்வாரத்தில் நின்றால் வேறு குரல்: "அவங்க என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு சொன்னாத்தானே எழுத முடியும்?" இரண்டு இடத்திலும் நான் நின்றிருக்கிறேன். முதுகலை படித்தபோது வகுப்புப் பிரதிநிதி. பிறகு பாடம் எடுக்கிறவள், விடைத்தாள் திருத்துகிறவள், சில ஆண்டுகள் துறையின் தேர்வுக் குழுவிலும் இருந்தவள். இரு தரப்பும் புலம்புவது ஒரே சிக்கலைப் பற்றித்தான் என்பது குழுவில் உட்கார்ந்த பிறகே எனக்கு முழுதாக விளங்கியது.

வழக்கமான பங்கீடு எல்லோருக்கும் தெரியும். சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை, படிப்பது மாணவர் வேலை, மதிப்பிடுவது திரும்பவும் ஆசிரியர் வேலை. முதல் இரண்டிலும் பெரிய சண்டை வருவதில்லை. மனக்கசப்பெல்லாம் மூன்றாவதில்தான். மதிப்பெண் போடும் அதிகாரம் ஆசிரியரிடம் இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் எது நல்ல விடை, எது சுமார், ஏன் அப்படி என்று சொல்லும் திறன் மாணவரிடமும் இருந்தாக வேண்டும். அதைக் கொடுப்பது எங்கள் கடன், வாங்கிப் பயன்படுத்துவது அவர்கள் கடன். பொறுப்பைப் பகிர்வது என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான். மற்றதெல்லாம், அதாவது வருகைப்பதிவு, கடைசித் தேதி, குழு வேலை எல்லாம், இதன் கிளைகள்.

பகிர்வது என்றவுடன் சிலர் அதிகாரத்தைக் கைமாற்றுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்கள் வைத்ததுதான் சட்டம். ஆசிரியர் தாமதமாகத் தொடங்கினால் அபராதம், நேரம் தாண்டினாலும் அபராதம். வழக்கமான வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லையென்றால் அவர் அன்று வராத கணக்கு. ஊரை விட்டுப் போவதென்றால் திரும்பி வருவதற்கு உத்தரவாதமாகப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். இன்று வருகை குறைந்தால் மாணவருக்குத் தண்டனை, அன்று ஆசிரியருக்கு. இரண்டிலும் ஒருவர் மற்றவரைக் கண்காணிக்கிறார், அவ்வளவுதான். சேர்ந்து எதையும் செய்யவில்லை.

எங்கள் துறையில் மாற்றம் தொடங்கியது இரட்டைத் திருத்தத்தில். ஒரே விடைத்தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்திவிட்டு ஒப்பிடுவது வழக்கம். ஒரு கட்டுரை விடைக்கு நான் இருபதுக்குப் பதினொன்று போட்டிருந்தேன், சக ஆசிரியர் பதினாறு. இருவரும் கவனமாகத்தான் திருத்தியிருந்தோம். இது புதிய கதையும் இல்லை. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 64-இலிருந்து 98 வரை மதிப்பெண் வந்தது. மொழித் தாள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர்களுக்காக அடுத்து ஒரு கணிதத் தாளையும் அனுப்பினார்கள். அதிலும் வித்தியாசம் குறையவில்லை.

எங்கள் பதினொன்றுக்கும் பதினாறுக்கும் காரணம் தேடியபோது, விடை எப்படி இருந்தது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை என்று தெரிந்தது. கேள்வியில் 'விளக்குக' என்று இருந்தது. அவர் அதை 'என்னவென்று சொல்' என்று எடுத்துக்கொண்டார், நான் 'ஏன் என்று சொல்' என்று. திருத்துகிற இரண்டு பேருக்கே ஒத்துப்போகாததை எழுதுகிற பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? தாழ்வாரத்துக் குரலில் நியாயம் இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த எல்லோருமே ஒப்புக்கொண்டோம்.

வழக்கமான தீர்வு, ரூப்ரிக் என்று நாங்கள் சொல்லும் மதிப்பீட்டு அட்டவணை. வாதத்துக்கு இத்தனை, சான்றுகளுக்கு இத்தனை, நடைக்கு இத்தனை என்று கட்டம் போட்டுக் கொடுப்பது. கொடுத்தோம். பெரிய பலன் இல்லை. 'வாதம் தெளிவாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும்' என்று அட்டவணையில் எழுதினால், ஆழம் என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது புரியும். தெரியாதவருக்கு அது வெறும் கட்டம்.

பலன் தந்தது வேறொன்று. முந்தைய ஆண்டு மாணவர்களிடம் அனுமதி வாங்கி, பெயரை நீக்கி, இரண்டு விடைகளை வகுப்பில் கொடுத்தேன். ஒன்று நன்றாக வந்தது, ஒன்று சுமார். எது எது என்று சொல்லவில்லை. அட்டவணையை வைத்து மூன்று மூன்று பேராக மதிப்பெண் போடுங்கள், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் விடைத்தாளிலிருந்தே ஒரு வரியைக் காரணமாகக் காட்டுங்கள் என்றேன். முதலில் கவனித்தது, அவர்கள் எங்களைவிடக் கறார். இரண்டாவது, எழுத்து அழகாக, மேற்கோள் நிறைய இருந்த விடைதான் முதலில் எல்லோரையும் இழுத்தது. அரை மணி நேரம் வாதாடிய பிறகுதான் பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், இதுல மூணு பக்கம் ஓடியும் கேட்ட கேள்விக்கு இன்னும் பதிலே வரலையே" என்றார். அதுவரை நான் எத்தனையோ விடைத்தாள்களின் ஓரத்தில் எழுதியிருக்கும் அதே குறிப்பு. நான் எழுதியபோது அது திட்டு மாதிரி இருந்திருக்கும். அவரே கண்டுபிடித்தபோது அது கையிலிருக்கும் கருவி.

ராய்ஸ் சாட்லர் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1989-இல் இதை மூன்று படியாகப் பிரித்து எழுதினார். தரம் எது என்று மாணவருக்குத் தெரிய வேண்டும், தன் வேலையை அதனோடு ஒப்பிடத் தெரிய வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்யவும் வேண்டும். ஆசிரியர்கள் பொதுவாக முதல் படியோடு நின்றுவிடுகிறோம், அதையும் அரைகுறையாக. மாணவர்கள் மூன்றாவதை மட்டும் கேட்கிறார்கள்: "என்ன மாத்தணும், சொல்லிடுங்க." நடுவில் இருக்கும் ஒப்பிடும் வேலையை இரு தரப்பும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த நடுப்படிக்காக ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். இன்டர்னல் அசைன்மென்ட் எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்தில் நான்கைந்து வரி எழுதித் தர வேண்டும். இதில் எந்தப் பகுதி உங்களுக்கே திருப்தி இல்லை? எந்தப் பகுதியைப் பற்றி நான் கருத்துச் சொல்ல வேண்டும்? இதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் இது இல்லாமல் வாங்கமாட்டேன். முதலில், 'எல்லாம் நன்றாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தவர்கள் நிறைய. அவர்களைத் திட்டவில்லை. அவர்களுக்கு என் கருத்தும் இரண்டே வரி, அவ்வளவுதான். 'இரண்டாவது பகுதியில் ஒரே ஆசிரியரை மட்டும் நம்பிவிட்டேன் என்று தோன்றுகிறது' என்று எழுதிய பெண்ணுக்கு முக்கால் பக்கம் எழுதினேன். செய்தி தானாகவே பரவியது.

திருத்துகிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே ஓரக்குறிப்பு எழுதுவதைப் போலச் சலிப்பான வேலை எதுவுமில்லை. மதிப்பெண் வெளியான பிறகு வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் ஆசிரியர் அறைகளில் தூசி படிந்து கிடக்கும் கட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கும் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. குறிப்போடு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் கண் எண்ணுக்குத்தான் போகும். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனால் இருபது வயதுக்காரர்களிடமும் நான் கண்டது அதுவே.

அதனால் கருத்தை முதலில் கொடுத்து, அதைப் படித்துவிட்டு அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று மாணவர் ஒரு பத்தி எழுதிய பிறகே மதிப்பெண் என்று மாற்றினேன். பிடிக்கவில்லை. "மேடம், மார்க்கை மட்டும் சொல்லிடுங்க, அப்புறம் நிதானமாப் படிக்கிறோம்" என்று வரிசையாக வந்து நின்றார்கள். விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இதைக் கேட்கும் உரிமை எனக்கு வர வேண்டுமென்றால் நானும் ஒன்றைக் காப்பாற்றியாக வேண்டும். அடுத்த அசைன்மென்டின் கடைசித் தேதிக்கு முன்பே கருத்து அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு போகும் கருத்து பிரேதப் பரிசோதனைதான். எவ்வளவு நுட்பமாக எழுதினாலும் யாருக்கும் உதவாது. மாணவர் கடைசித் தேதியைத் தாண்டினால் மதிப்பெண் குறைக்கிறோம். ஆசிரியர் திருத்தித் தரும் தேதியைத் தாண்டினால் ஒன்றும் ஆவதில்லை. பொலோனியா ஆட்கள் இதில் மட்டும் சரியாகத்தான் இருந்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குறைந்தபட்சம் பருவத் தொடக்கத்திலேயே இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் போட்டுவிடுங்கள்: நீங்கள் தரும் தேதி, நான் திருப்பித் தரும் தேதி.

தேதி என்றதும் வகுப்புப் பிரதிநிதிகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரு பருவத்தில் எல்லாப் பாடத்துக்கும் அசைன்மென்ட் ஒரே வாரத்தில் வந்து விழுந்தது. இப்படி ஆகும்போது வழக்கமாக ஒரு கூட்டம் வந்து "ரொம்ப கஷ்டமா இருக்கு" என்று சொல்லும், நாங்கள் "அப்பவே ஆரம்பிச்சிருக்கணும்" என்போம், கலைந்துவிடுவோம். அந்த ஆண்டுப் பிரதிநிதி வேறு மாதிரி. பருவம் தொடங்கிய சில நாளிலேயே எல்லாப் பாடத்தின் தேதிகளையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கொண்டுவந்தார். எந்த வாரம் நெரிசல், எந்த இரண்டு தேதியை நகர்த்தினால் சரியாகும் என்பதும் அதிலேயே இருந்தது. துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டும் நகர்ந்தன. நாங்கள் யாரும் வேண்டுமென்றே அப்படி வைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தன் பாடத்தின் தேதி மட்டும்தான் தெரியும். மொத்தமும் ஒரே இடத்தில் தெரிவது மாணவருக்குத்தான். அந்தப் பார்வையை எங்களுக்குக் கொண்டுவந்து தருவதும் அவர்கள் பங்கு. குறையாக மட்டும் வந்தால் நாங்கள் தற்காப்புக்குப் போய்விடுகிறோம். யோசனையாக வந்தால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

வேலைப்பளுவுக்கு ஓர் அளவு இருந்தால் இந்தப் பேச்சு எளிதாகும். ஐரோப்பிய நாடுகளின் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, எழுத்து, தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஐந்து கிரெடிட் பாடத்துக்கு 125-லிருந்து 150 மணி. ஆசிரியர் தன் பாடத்தின் வாசிப்புப் பட்டியலை இப்படி மணிக்கணக்கில் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் சில தலைப்புகளை அவரே எடுத்துவிடுவார். மாணவர் கூட்டிப் பார்த்தால், வகுப்பில் உட்கார்ந்திருப்பது மட்டும் படிப்பல்ல என்பது எண்ணாகவே தெரியும்.

கூடுதல் அவகாசம் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாணவர் கடைசித் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும், பிறகு அல்ல. ஆசிரியர் துக்கத்துக்கும் நோய்க்கும் வீட்டுக் கதை முழுவதையும் ஒப்புவிக்கச் சொல்லக் கூடாது. விதி எழுத்தில் இருக்கட்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தயங்காமல் வந்து கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் அவகாசம் கிடைப்பது சலுகையே அல்ல, அநீதி.

குழு வேலைக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் மிக அதிகக் கண்ணீர் சிந்தப்படுவது தேர்வு முடிவில் அல்ல, குழு ப்ராஜெக்டில். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் சராசரியாகக் குறைந்தது. ஐந்து பேரைச் சேர்த்துவிட்டு, "நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க, வாழ்க்கையிலும் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும் ஆசிரியர், தன் வேலையைத்தான் தட்டிக்கழிக்கிறார். எங்கள் துறையில் இப்போது குழு சிறியது. ப்ராஜெக்ட் நடக்கும்போதே யார் எதைச் செய்தார்கள் என்ற குறிப்பை வாரம்தோறும் குழுவே பொதுக் கோப்பில் எழுதுகிறது. மதிப்பெண்ணில் ஒரு பகுதி தனித்தனி வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு. மாணவர் பக்கத்துப் பொறுப்பு ஒன்று உண்டு, அது பலருக்குக் கசக்கும்: சும்மா இருக்கும் நண்பரின் பெயரை எழுதாமல் மறைத்துவிட்டுக் கடைசி நாளில் வந்து அழக்கூடாது. நடுவில் சொன்னால் அந்த நண்பருக்கே இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும்.

இனி, செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, எழுதித் தருவது மாணவர்தானா என்ற சந்தேகம் எல்லாத் துறையிலும் நுழைந்துவிட்டது. கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. நாங்கள் செய்வது எளிமையானது. ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் எது அனுமதி, எது இல்லை என்று அதிலேயே எழுதுகிறோம். 'தலைப்பை யோசிக்கப் பயன்படுத்தலாம், வரைவு உங்களுடையதாக இருக்க வேண்டும்' என்பது போல. மாணவர் எங்கே பயன்படுத்தினார் என்று முதல் பக்கத்தில் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுப் பத்து நிமிடம் அந்த விடையைப் பற்றியே பேசுகிறோம். தானே எழுதியவருக்கு அது பேச்சு, மற்றவருக்கு அது நீண்ட பத்து நிமிடம். ஒரு முறை வகுப்பில் ஒருவர் கேட்டார்: "நீங்க கருத்து எழுதறதுக்கு அதைப் பயன்படுத்தினா எங்ககிட்ட சொல்வீங்களா, மேடம்?" நல்ல கேள்வி. சொல்ல வேண்டும். அதுவும் இப்போது எங்கள் தாளில் இருக்கிறது.

மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடுவதும் மதிப்பீடுதானே. பருவ இறுதியில் நிரப்பித் தரும் படிவத்தை இரு தரப்பும் சடங்காக்கிவிட்டோம். இதில் ஒரு சிக்கல் உண்டு: நன்றாகக் கற்றோமா என்பதை அந்த நேரத்தில் நாமே சரியாகக் கணிப்பதில்லை. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே கணக்குகளைப் போட்டுப் போராடிய வகுப்பில் உட்கார்ந்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். படிக்கும் முறையிலும் இதே கதை. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் காட்டியபடி, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களே முன்னால். கஷ்டமாக இருக்கிற வகுப்பை மோசமான வகுப்பு என்று எழுதும் முன் மாணவர் இதை யோசிக்கலாம். இதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு, எந்தக் குறை சொன்னாலும் 'அவர்களுக்குப் புரியவில்லை' என்று ஆசிரியர் ஒதுக்கிவிடவும் கூடாது.

நான் பருவத்தின் நடுவில் ஒரு தாளில் இரண்டே கேள்வி கேட்கிறேன்: எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது? பெயர் வேண்டாம். அடுத்த வகுப்பின் முதல் சில நிமிடத்தில், எதை மாற்றப்போகிறேன், எதை மாற்றமாட்டேன், ஏன் என்று சொல்லிவிடுவேன். மாற்றமாட்டேன் என்று சொல்வதைப் பலர் தவிர்க்கிறார்கள். அதைத்தான் மாணவர்கள் மதிக்கிறார்கள், காரணம் சொன்னால்.

கடைசியாக மறுமதிப்பீடு. முன்பு விண்ணப்பம் என்றால் ஒரே வரி: 'நான் நன்றாக எழுதியிருந்தேன், மதிப்பெண் குறைவாக உள்ளது.' இதை வைத்துக்கொண்டு திருத்துபவர் என்ன செய்வார்? இப்போது நாங்கள் கேட்பது, எந்தக் கேள்வி, அட்டவணையில் எந்தக் கட்டம், உங்கள் விடையின் எந்தப் பகுதி அதை நிறைவேற்றுகிறது என்ற மூன்றையும். மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டு என்பதையும் படிவத்திலேயே சொல்லிவிடுகிறோம். பதிலும் அதே வடிவில் போக வேண்டும். மாற்றமில்லை என்றாலும் ஏன் என்று இரண்டு வரியாவது. விண்ணப்பங்கள் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன, வருபவை கனமாக இருக்கின்றன. சென்ற பருவத்தில் ஒரு மாணவி, கேள்வியில் 'ஒப்பிடுக' என்று மட்டும் இருந்தது, எது மேல் என்று முடிவு சொல்லும்படி கேட்கவில்லை, ஆனால் அட்டவணையில் முடிவுக்கு நான்கு மதிப்பெண் இருக்கிறது என்று எழுதியிருந்தார். உட்கார்ந்து பார்த்தோம், அவர் சொன்னது சரி. அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கேள்வியை எழுதிய எல்லோருக்கும் அந்த நான்கு மதிப்பெண்ணையும் திரும்பக் கணக்கிட்டோம். அடுத்த ஆண்டுக்கான வினாத்தாளை வரையும்போது, மதிப்பீட்டு அட்டவணையை முதலில் எழுதி அதிலிருந்து கேள்வியை எழுதுவது என்று குழு முடிவு செய்தது.